இரண்டாவது கையெழுத்து

அங்க வேணாம் தம்பி, இந்த நாற்காலிக்கு வாங்க. எனக்கு நேர் எதிர்ல. பக்கத்துல உட்கார்ந்துகிட்டு ஆளுக்கு ஒரு சுவத்தைப் பாத்துப் பேசறது என்ன பேச்சு? முகத்தைப் பாத்துப் பேசணும். ஏர்ஃபோர்ஸ்ல இருபது வருஷம் இருந்தவன் நான், அதெல்லாம் ஒரு மரியாதை. ஆங், இப்ப சரி.

உங்களுக்கா, கூட வந்தவங்களுக்கா? அப்பாவுக்கா. உள்ள மெஷின் மாட்டிப் பாக்கறாங்களா. பாவம். வயசானா காது போறது யார் கையில இருக்கு? எனக்கு அந்தத் தொல்லை இல்ல. ஆபீஸ்ல ஒரு சர்டிபிகேட் கேட்டாங்க, அதுக்காக இந்தக் குரோம்பேட்டை வெயில்ல வந்தேன். டெஸ்ட் முடிஞ்சு ரிப்போர்ட்டும் கைக்கு வந்தாச்சு. இதோ பாருங்க, ரெண்டு காதும் நார்மல். டாக்டர் சீல் மட்டும்தான் பாக்கி. அவரு சாப்பிடப் போயிருக்காரு. அதான் உட்கார்ந்து இந்த ஃபேனைப் பாத்துக்கிட்டு இருக்கேன். நல்ல ஃபேன். சுத்துது, ஆனா சத்தமே இல்ல.

என்ன சொன்னீங்க? கிறீச்சுகிறீச்சுனு உயிரை வாங்குதா? அப்படியா. எனக்கு அதெல்லாம் ஒரு சத்தமாவே படலை. ஜெட் என்ஜின் பக்கத்துல நின்னு வேலை பாத்தவனுக்கு ஃபேன் சத்தம் ஒரு சத்தமா?

நீங்க என்ன பண்றீங்க? ஸ்கூல் வேன் ஓட்டறீங்களா. அப்ப உங்களுக்குச் சொன்னா புரியும். வருஷா வருஷம் வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டு போறீங்கல்ல? பெயின்ட் அடிச்சு, டயர் மாத்தி, ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்ல நிறுத்துவீங்க. பிளேனுக்கும் அப்படி ஒண்ணு இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை, இது பறக்கலாம்னு ஒருத்தன் கையெழுத்துப் போடணும். அரசாங்க ஆளு இத்தனை பிளேனுக்கும் வர முடியுமா? அதனால எங்களை மாதிரி தனியார் ஆளுங்களைப் பரீட்சை வெச்சுப் பொறுக்கி, நம்பர் போட்ட முத்திரை ஒண்ணு குடுத்துருவாங்க. அரசாங்கம் போடவேண்டிய கையெழுத்தை நாம போடறோம். என் நம்பர் பதினேழு. பதினேழாம் நம்பர் முத்திரை விழுந்த பிளேன்ல கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்னு சொல்லுவாங்க. வைத்தியலிங்கம் முத்திரைன்னா முத்திரை.

அந்த முத்திரையைத்தான் ஒன்றரை மாசமா பிடுங்கி வெச்சிருக்காங்க. ஒரு பொண்ணால. சொல்றேன். டாக்டர் வர நேரமாகும், உங்க அப்பாவுக்கும் நேரமாகும். கேளுங்க.

இந்தப் பறக்கக் கத்துக்குடுக்கற பள்ளிக்கூடம் இருக்குல்ல, அங்கெல்லாம் இப்ப வர்ற பிளேன் தகரம் இல்ல தம்பி, ஃபைபர். ரெண்டு தகடு, நடுவுல தேன்கூடு மாதிரி ஒரு அட்டை, எல்லாத்தையும் சேத்து ஒட்டியிருப்பான். வெளியில பாத்தா வழவழன்னு இருக்கும். உள்ள ஒட்டு விட்டுப்போச்சுன்னா கண்ணுக்குத் தெரியாது. அப்ப என்ன பண்றது? தட்டணும். ஒரு காசை எடுத்து, பூப்போல தட்டணும். மூக்குலேர்ந்து வால் வரைக்கும், விரக்கடைக்கு ஒரு தட்டு. ஒட்டு நல்லா இருந்தா டிக்குன்னு சொல்லும். விட்டுப்போயிருந்தா டொப்புன்னு சொல்லும். அவ்வளவுதான். கோடி ரூபா பிளேனுக்கு ஒரு ரூபா காசு. சிரிக்காதீங்க, வெளிநாட்டுலயும் இதான்.

இந்தாங்க, இதான் என் காசு. பழைய பெரிய ஒரு ரூபா. இப்ப வர்ற காசுல சத்தமே கிடையாது. அஞ்சு ரூபாயை வெச்சுப் பாத்தேன், பத்து ரூபாயை வெச்சுப் பாத்தேன், எல்லாம் செத்த சத்தம். என்னத்தைப் போட்டு உருக்கறானுங்களோ! கடைசியில என் பொண்டாட்டி குணவதி சாமி உண்டியல்ல போட்டு வெச்சிருந்த இந்தக் காசை எடுத்துக்கிட்டேன். இதுவும் முந்தி மாதிரி இல்ல. ஆனா பரவாயில்லை.

காசு மட்டுமா? எல்லாமே தரம் கெட்டுப்போச்சு. வீட்டுல குக்கர் விசில் அடிக்க மாட்டேங்குது, மூணு வெயிட் மாத்திட்டேன். குணவதி அடிச்சுதுன்னு சொல்லுவா, நான் அடிக்கலைன்னு சொல்லுவேன், சாதம் குழைஞ்சு போயிருக்கும். பல்லாவரத்துல எங்க தெருவுல மழை விட்டா சில்வண்டு அப்படிக் கத்தும். இப்ப ஒண்ணுகூட இல்ல. புகையில செத்துப்போச்சு எல்லாம். யாருக்கும் கவலையே இல்ல. இந்தக் காலத்துப் பிள்ளைங்க வாயைத் திறந்து பேசறதும் இல்ல, முணுமுணுன்னு முழுங்கறானுங்க. குணவதி அதுக்கு நேர் எதிர். வயசாக வயசாக இவளுக்குத் தொண்டை பெருசாயிட்டே போகுது. தெருவே கேக்கற மாதிரி கத்தறா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். தட்டறது ஒருத்தர் வேலை இல்ல தம்பி. ரெண்டு பேர். அதான் சட்டம். முதல் ஆள் தட்டிக் கையெழுத்துப் போடணும். அப்புறம் ரெண்டாவது ஆள், முதல் ஆளை ஒண்ணும் கேக்காம, தானா முதல்லேர்ந்து தட்டி, தானா கையெழுத்துப் போடணும். ஏன்னா ஒருத்தன் தூங்கிட்டாலும் இன்னொருத்தன் முழிச்சிருப்பான். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்ல மாட்டேன். நானே ஒரு தடவை ஒரு மெக்கானிக்கைப் பிடிச்சேன். டயர்ல காத்தை அளக்காம முதல் நாள் எழுதினதைப் பாத்து அப்படியே எழுதியிருந்தான். காகிதத்தை அவன் கண்ணு முன்னாலயே கிழிச்சேன். அழுதான். ரெண்டு குழந்தை இருக்கு சார்னான். இந்த டயர்ல இறங்கறவனுக்கும் குழந்தை இருக்கும்டான்னு சொன்னேன். ஆறு மாசம் வேலை இல்லாம வீட்டுல உட்கார்ந்தான். பாக்காம எழுதறவனை என்னால மன்னிக்கவே முடியாது. அது என் சுபாவம்.

எனக்கு ரெண்டாவது ஆள் துரைராஜ். சிவகாசிப் பக்கம். பதினொரு வருஷம் என் கூட இருந்தான். தங்கமான பையன், ஆனா கொஞ்சம் மந்தம். நான் தட்டிக்கிட்டே போவேன், அவன் தனியா தட்ட மாட்டான், என் பின்னாலயே வருவான். நான் நாலு அடி தாண்டினதும், 'சார், இங்க இன்னொரு தடவை பாத்துருவமா?'ம்பான். சாக்பீஸால ஒரு வட்டம் போடுவான். எதுக்குடா, இப்பத்தானே தாண்டினோம்னு சொல்லிக்கிட்டே நான் திரும்பி வந்து அந்த வட்டத்துக்குள்ள தட்டுவேன். தட்டிட்டு அவன் மூஞ்சியைப் பாப்பேன். அவனுக்கு மூஞ்சி கண்ணாடி மாதிரி தம்பி, ஒண்ணையும் மறைக்கத் தெரியாது. டொப்புன்னு சொன்னா புருவம் ரெண்டும் சேந்துரும். அதைப் பாத்ததும் நான், 'ஆமா, இது போச்சு, எழுதிக்கோ'ம்பேன். 'கரெக்ட் சார், உங்க காது காதுதான் சார்'ம்பான். அப்படியே வேலை நடந்துச்சு. ஒரு தப்பு வந்ததில்லை. பதினொரு வருஷத்துல ஒரு தப்புகூட இல்ல!

போன வருஷம் சித்திரையில அவனுக்கு ஷார்ஜாவுல வேலை கிடைச்சுப் போயிட்டான். போறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்தான், ஒரு டப்பா நிறைய சேவு வாங்கிக்கிட்டு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'சார், இனிமே தனியா தட்டாதீங்க சார்'ன்னான். ஏணியில ஏறி இறங்கறேன்ல, வயசு அறுபத்திரெண்டு, அதை நெனச்சுச் சொல்றான். அவ்வளவு பாசம். அப்புறம் சமையக்கட்டுல போய்க் குணவதி கூட ரொம்ப நேரம் நின்னு பேசிக்கிட்டு இருந்தான். என்னடா ரகசியம்னு கேட்டேன், ஒண்ணுமில்லைன்னுட்டான். அன்னியிலேர்ந்து பிடிச்சுது இவளுக்கு. காது டாக்டர், காது டாக்டர், காது டாக்டர். தினம் காலையில காப்பி கூட இதையும் சேத்துக் குடுப்பா. எனக்கு என்னத்துக்குக் காது டாக்டர்?

துரைராஜ் போனப்புறம் ஆபீஸ்லேர்ந்து சுரேந்தர்னு ஒருத்தனைப் போட்டாங்க. அவனுக்கு என் மேல ரொம்ப மரியாதை. தட்டவே மாட்டான். நான் தட்டி முடிக்கற வரைக்கும் நிழல்ல உட்கார்ந்து போனைப் பாத்துக்கிட்டு இருப்பான். முடிஞ்சதும் எழுந்து வந்து, 'நீங்க பாத்தாச்சுல்ல சார், எங்க கையெழுத்துப் போடணும்?'ம்பான். நான் காட்டற இடத்துல போடுவான். எட்டு மாசம். பதினொரு பிளேன். சட்டுபுட்டுனு வேலை முடிஞ்சுது. பதினொண்ணுலயும் ஒரு குறைகூட இல்ல. எங்க ஆபீஸ் எம்.டி.கூடக் கூப்பிட்டுச் சொன்னாரு, துரைராஜ் இருந்தப்பதான் சார் வட்டம் வட்டமா போட்டு வேலையை இழுத்தடிச்சான்னு. நானும் சிரிச்சேன்.

என்ன? ஆமா, பதினொண்ணு. இல்லல்ல, ரெண்டாவது ஆள் தட்டலைங்கறது தப்புதான். ஆனா நான் தட்டினேன்ல?

அப்புறம் வந்தா இந்தப் பிரிசில்லா. தூத்துக்குடிப் பொண்ணு, முப்பது வயசு இருக்கும். பரீட்சையெல்லாம் முதல் தடவையிலயே பாஸ். எனக்கு ரெண்டாவது ஆளா அவளைப் போட்டாங்க. ஓசூர் தாண்டி ஒரு பள்ளிக்கூடம், பேரு வேணாம், அவங்க பிளேன் ஒண்ணுக்கு வருஷ செக்கு. காலையில எட்டு மணிக்கு ஆரம்பிச்சேன், பத்தரைக்கு முடிச்சேன். கையெழுத்தைப் போட்டு, முத்திரையைக் குத்தி, பேனாவை அவ கிட்ட நீட்டினேன். அவ வாங்கலை. 'இருங்க சார், நான் பாத்துட்டு வர்றேன்'னு சொல்லி, பையிலேர்ந்து அவ காசை எடுத்துக்கிட்டு மூக்குலேர்ந்து ஆரம்பிச்சா.

அங்க வேலை பாக்கற மெக்கானிக் நாலு பேரு பாத்துக்கிட்டு நிக்கறான். எனக்கு எப்படி இருக்கும்? பதினேழாம் நம்பர் பாத்ததை இவ பாக்கறா. சட்டம் அவ பக்கம். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ரெண்டு மணி நேரம். வால்ல குறுக்கால ஒரு சின்ன இறக்கை இருக்கும் தம்பி, பிளேன் மேல ஏறறதும் கீழ இறங்கறதும் அது கையிலதான் இருக்கு. அங்க போய் நின்னுட்டா. தட்டறா, நகர்றா, திரும்பி வர்றா, தட்டறா. சாக்பீஸை எடுத்து ஒரு வட்டம் போட்டா. தோசைக்கல்லு அளவுக்கு.

'சார், கொஞ்சம் வாங்க'ன்னா.

போனேன். தட்டினேன். தட்டிட்டு அவ மூஞ்சியைப் பாத்தேன்.

ஒண்ணுமில்ல தம்பி. சுவரு மாதிரி நிக்கறா. புருவம் அசையலை, உதடு அசையலை. இன்னொரு தடவை தட்டினேன். இன்னொரு தடவை பாத்தேன். 'என்னம்மா?'ன்னேன். 'நீங்க சொல்லுங்க சார், நான் சொல்லக் கூடாது'ன்னா. ரெண்டாவது ஆள் முதல் ஆளுக்கு ஜாடை காட்டக் கூடாதாம். அதுவும் சட்டத்துல இருக்கு. இருக்கட்டும், அதுக்காகப் பெரியவனை அப்படியா நிக்க வெக்கறது? நாலு மெக்கானிக்கும் என்னையே பாக்கறான். 'நல்லாத்தானே இருக்கு'ன்னேன்.

அவ வட்டத்துக்குப் பக்கத்துல தேதியை எழுதினா. அன்னிக்கே அந்தத் தகடைப் பிரிச்சாங்க. ஒட்டு விட்டுப்போயிருந்துச்சு. உள்ள தண்ணி வேற. அந்த அட்டை ஊறிப்போன அப்பளம் மாதிரி கையோட வந்துச்சு.

அதுக்குக் காரணம் நான் சொல்றேன் கேளுங்க. இந்தப் புது பிளேன் எல்லாம் மெதுவாத்தான் பேசும். முந்தி மாதிரி டிக்கு, டொப்புன்னு பளிச்சுனு பிரிஞ்சு வராது. எல்லாம் ஒரே மாதிரி ஒரு சத்தம். அஞ்சாறு வருஷமாவே அப்படித்தான். அனுபவம் இருக்கறவனுக்குத்தான் அந்த மெதுவான பேச்சு புரியும். சின்னவங்களுக்குப் புரியாது. அவ ஓங்கி ஓங்கித் தட்டியே ஒட்டை விட வெச்சிருப்பா. எம்.டி. கிட்ட இதைத்தான் சொன்னேன். அவரு, 'தண்ணி எப்படி சார் போச்சு, அவ ஊத்தினாளா?'ன்னு கேட்டாரு. எல்லாத்துக்கும் பதில் சொல்லிக்கிட்டு இருக்க முடியுமா?

அவ அத்தோட விட்டாளா? ஒரு லெட்டர் எழுதினா. இந்தப் பிளேனைப் பத்தி மட்டும் இல்ல. துரைராஜ் போனதுலேர்ந்து வைத்தியலிங்கம் சார் பாத்த பதினொரு பிளேனையும் தரையில நிறுத்தணும், வேற ஆளை வெச்சு மறுபடியும் தட்டணும், வைத்தியலிங்கம் சாருக்குக் காது டெஸ்ட் எடுக்கணும். பதினொண்ணையும் நம்பரோட எழுதியிருந்தா. எந்தத் தேதிக்குத் துரைராஜ் போனான்னு போய் விசாரிச்சிருக்கா பாருங்க. துரைராஜுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரா போய்க் கேட்டேன். 'என்னம்மா, நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணேன்?'ன்னு. அவ என் எதிர்ல வந்து நின்னு, மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, நல்லா வாயைத் திறந்து சொன்னா. அந்த ஒரு நல்ல பழக்கம் அவ கிட்ட இருக்கு. 'சார், எனக்கு உங்க மேல கோவமே இல்ல. அந்தப் பதினொண்ணுல ஏறிப் போறவங்களுக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. நம்ம கையெழுத்தை மட்டும்தான் தெரியும்'னா. எனக்கு வந்த ஆத்திரத்துல வீட்டுக்கு வந்து சாப்பிடாம படுத்தேன். நாற்பத்திரெண்டு வருஷ வேலை தம்பி. ஒரு பொண்ணு ஒரு வட்டத்தைப் போட்டு அழிச்சுட்டா.

எம்.டி. என்னைக் கூப்பிட்டாரு. அவருக்கும் சங்கடம்தான். பதினொரு பிளேனை நிறுத்தினா மூணு பள்ளிக்கூடம் இழுத்து மூடணும், அரசாங்கத்துக்கு எழுதணும், பேரு கெட்டுரும். கதவைச் சாத்திட்டுச் சொன்னாரு. 'சார், காது நார்மல்னு ஒரு ரிப்போர்ட் கொண்டு வாங்க. அவ லெட்டரை அத்தோட ஃபைல் போட்டு மூடிடறேன். உங்க முத்திரையும் திரும்ப வந்துரும். ரிப்போர்ட் சரியில்லைன்னா எனக்கு வேற வழி இல்ல, பதினொண்ணையும் நிறுத்தித்தான் ஆகணும்.' 'நல்ல ரிப்போர்ட்டா கொண்டு வாங்க'ன்னு ரெண்டு தடவை சொன்னாரு.

நல்ல ரிப்போர்ட்தானே இது? பாருங்க, கோடு எப்படி நேரா போகுதுன்னு.

எப்படி எடுத்தாங்கன்னா கேக்கறீங்க? அந்தக் கண்ணாடி ரூம்ல உட்கார வெச்சு, காதுல ஹெட்போன் மாட்டி, 'சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க ஐயா'ங்கறா டெஸ்ட் எடுக்கற பொண்ணு. வேலைக்குப் புதுசு போலிருக்கு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான், ரெண்டு பேரும் எதிரெதிரா. பட்டனை மேஜைக்குக் கீழ மறைச்சு வெச்சுத்தான் அமுக்கறா. ஆனா தோளை மறைக்க முடியுமா தம்பி? அமுக்கறப்ப வலது தோள் இத்தனூண்டு ஏறும். ஆயுசு பூரா கண்ணை வெச்சுச் சோறு சாப்பிட்டவன் நான். தோள் ஏறுச்சுன்னா கையைத் தூக்கினேன். ஏறலைன்னா சும்மா இருந்தேன். 'சூப்பர் ஐயா'ன்னு அவளே சொன்னா.

ஏமாத்தறதா? அதெப்படி ஏமாத்தறதாகும்? அதுக்குப் பேரு கவனம். அந்த மெஷின்ல வர்றது ஒரு சத்தமா சொல்லுங்க? பாதி நேரம் ஒண்ணும் வரலை. மெஷின் சரியில்லாததுக்கு நான் எதுக்குப் பழியைச் சுமக்கணும்? எனக்குக் கேக்குது. இதோ, இவ்வளவு நேரம் நீங்க பேசறீங்க, நான் பேசறேன். கேக்காமயா பேசிக்கிட்டு இருக்கேன்?

வாங்க ஐயா, வாங்க. உங்க அப்பாவா தம்பி? உட்காருங்க ஐயா. காதுல மாட்டியிருக்கறது வெளியவே தெரியலையே. நல்லா கேக்குதா? சிரிக்கறாரு பாருங்க. கண்ணு கலங்கியிருக்கு. ஏன் ஐயா? செருப்புச் சத்தம் கேக்குதாமா? தான் நடக்கற சத்தமே இத்தனை நாளா தெரியலையாமா? நல்லா இருங்க ஐயா.

என்ன தம்பி கேட்டீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க, அப்பாவைப் பாத்துக்கிட்டே பேசினா எப்படி. அந்தப் பதினொரு பிளேனும் இப்ப எங்கேயா? பறக்குது. எங்க போகும்? இன்னிக்குக் காலையிலகூடப் பறந்திருக்கும். படிக்கற பசங்க ஓட்டறது, நாளைக்கு ஆறு தடவை ஏறும், ஆறு தடவை இறங்கும். சில பசங்க தனியாவே போவாங்க, பக்கத்துல வாத்தியார் இல்லாம.

ஏன் மூஞ்சியை அப்படி வெச்சுக்கறீங்க?

துரைராஜ் மூஞ்சி மாதிரி வெச்சுக்காதீங்க தம்பி. எனக்குப் பிடிக்கலை. ஸ்கூல் வேன் ஓட்டறவர் நீங்க, உங்களுக்கே நம்பிக்கை வரலைன்னா நான் யாருக்குச் சொல்றது? சரி. இந்தாங்க, காசைப் பிடிங்க. எழுந்திரிங்க. உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு பாருங்க தடுப்பு, அது பிளைவுட். உள்ள கட்டை இருக்கற இடத்துல தட்டினா டிக்குன்னு வரும், கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல வெத்து, அங்க டொப்புன்னு வரும். நீங்க எங்க வேணா தட்டுங்க. கட்டையா, வெத்தான்னு நான் உட்கார்ந்த இடத்துலேர்ந்தே சொல்றேன். ஒண்ணு தப்பாச் சொன்னா இந்த ரிப்போர்ட்டை நானே கிழிக்கறேன். கண்ணை மூடிக்கறேன், அப்பத்தான் நியாயம். ஓங்கித் தட்டாதீங்க, பூப்போல.

ம். மூடிட்டேன்.

தட்டுங்க.

கூச்சப்படாதீங்க தம்பி, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆஸ்பத்திரியில காது கேக்குதான்னு பாக்கறதுல என்ன தப்பு? தட்டுங்க.

இன்னும் இடம் பாக்கறீங்களா? எங்க வேணா தட்டலாம். ஆரம்பிங்க.

என்ன, விளையாடறீங்களா? தட்டறதுக்கு இவ்வளவு நேரமா?

கண்ணைத் திறக்கறேன் போங்க. ஏன் எழுந்திருக்காம... நின்னுக்கிட்டுத்தான் இருக்கீங்களா. காசு தடுப்பு மேலதான் இருக்கு. எப்ப தட்டினீங்க? எல்லாரும் ஏன் என்னைப் பாக்கறாங்க? ஐயா, நீங்க எதுக்குக் கையைத் தூக்கறீங்க? உங்களுக்குக் கேட்டுச்சா? அங்க உட்கார்ந்திருக்கற உங்களுக்கே கேட்டுச்சா?

எத்தனை தடவை தட்டினீங்க தம்பி? வாயால வேணாம், விரலால காட்டுங்க.

ஒன்பது.

இருங்க. கொஞ்சம் இருங்க. தண்ணி வேணாம். ஒண்ணும் இல்ல எனக்கு.

துரைராஜ் வட்டம் போட்டுக்கிட்டே வந்தான் தம்பி. பதினொரு வருஷம் என் பின்னாலயே வந்தான். நான் தாண்டினது ஒவ்வொண்ணுக்கும் வட்டம் போட்டான். உங்க காது காதுதான் சார்னு என்கிட்டயே சொல்லிக்கிட்டு வந்தான். நான் அவனை மந்தம்னு சொன்னேன். ஊரெல்லாம் சொன்னேன். இப்ப உங்ககிட்டயும் சொன்னேன்.

எட்டு மாசம் அவன் இல்லையே. அந்தப் பதினொண்ணுக்கு வட்டம் போட ஆளில்லையே. சுரேந்தர் என்னைப் பாத்துப் போட்டான், நான் எதைப் பாத்துப் போட்டேன்?

மணி என்ன? ரெண்டரையா. மூணு மணிக்கு வெயில் தாழ்ந்ததும் பசங்களை மறுபடியும் மேல அனுப்புவாங்க. போன் இருக்கா உங்ககிட்ட? என் போன்ல அவ பேசினா எனக்கு... நீங்களே பேசுங்க. நம்பர் இதுல இருக்கு, பிரிசில்லான்னு. வைத்தியலிங்கம் சொன்னாருன்னு சொல்லுங்க, பதினொண்ணையும் இன்னிக்கே, இப்பவே நிறுத்தச் சொல்லுங்க. எம்.டி.யைக் கேக்க வேணாம், மூணு பள்ளிக்கூடத்துக்கும் நேரா போன் போடச் சொல்லுங்க. நான் எழுதிக் குடுக்கறேன்னு சொல்லுங்க. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்.

டெஸ்ட் எடுத்த பொண்ணு உள்ளதானே இருக்கா? டாக்டர் வர்றதுக்குள்ள இந்தக் காகிதத்தை அவகிட்டக் குடுத்துரலாம், சீல் வேணாம். என் கூட வாங்க, அவ பேசினா எனக்குச் சரியா விளங்காது. இன்னொரு தடவை டெஸ்ட் எடுக்கணும்னு சொல்லுங்க. நாற்காலியை மட்டும் சுவத்தைப் பாத்துத் திருப்பிப் போடச் சொல்லுங்க தம்பி.